பில் கேட்ஸைத் திட்டிய ஊர்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் மெட்ராஸ் உள்ளிட்ட பெருநகரங்களில் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 95 வெளியானது. ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதற்குள் மயிலாப்பூருக்கு வம்பளக்க ஒரு புது ஆள் கிடைத்துவிட்டார். மின்வாரியத்தையும் மெட்ரோ வாட்டரையும் மாற்றி மாற்றித் திட்டி அலுத்துப்போயிருந்த வாய்களுக்கு பில் கேட்ஸ் வந்தது பெரிய ஆறுதல்.

திட்டியவர்களில் எத்தனை பேர் அவருக்குக் காசு கொடுத்திருப்பார்கள் என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு கம்ப்யூட்டர் வாங்குவதென்றால் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய் ‘அசெம்பிள்டு’ பெட்டிக்குச் சொல்லிவிட்டு வருவது. பெட்டியைக் கொண்டுவந்து இறக்கும் பையன் தோள்பையிலிருந்து சி.டி.க்களை எடுப்பான். மேலே மார்க்கர் பேனாவில் கிறுக்கிய பெயர். விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், பேஜ்மேக்கர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, “வேற ஏதாவது போடணுமா சார்?” என்பான். லைசென்ஸ் என்பது ஸ்கூட்டர் ஓட்ட மட்டும் தேவைப்பட்ட காலம். ஓசியில் வந்ததால் திட்டுவதிலும் தாராளம் இருந்தது.

திட்டக் காரணமும் இருந்தது. பாதி டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை நீலமாகும், அடித்தது போச்சு. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய ஆள் விண்டோஸ் 98-இல் ஸ்கேனரைச் செருகிக் காட்ட, அங்கேயும் நீலத் திரை. முதலாளிக்கே இந்தக் கதி என்று தெரிந்ததில் தி.நகர் பிரவுசிங் சென்டர்களுக்கு உண்டான திருப்தியைச் சொல்லி முடியாது. ஆபீஸ் 97-இல் கண்ணை உருட்டிக்கொண்டு, கேட்காமலே யோசனை சொல்ல வந்த காகிதக் கிளிப்பும் இங்கே எடுபடவில்லை. மாட வீதியில் அந்தப் பதவிக்கு ஏற்கெனவே வீட்டுக்கு ஒருவர் இருந்தார்.

எதிர்க்கட்சியும் பக்கத்திலேயே இருந்தது. அடையாறைத் தாண்டினால் ஐ.ஐ.டி. வளாகத்தில், விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸைப் பிடித்துக்கொண்ட லினக்ஸ்காரர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். மைக்ரோசாஃப்டை ஒழிப்பதுதான் லட்சியம். ஆனால் விஐ எடிட்டரா, ஈமாக்ஸ் எடிட்டரா என்று ஆரம்பித்துவிட்டால் எதிரியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அரசாங்கத்திலும் ஒரு கலகம் நடந்தது. நந்தனத்திலிருந்த தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்குத் தாவியது. அரசு அலுவலகம் ஒன்று தானாகவே ஒரு பழக்கத்தை விட்ட அதிசயத்தை இன்னும் யாரும் சரியாகப் பாராட்டவில்லை என்பது என் கட்சி.

பிறகு 2014 பிப்ரவரியில் ஹைதராபாத்காரர் சத்யா நாதெள்ளா மைக்ரோசாஃப்டின் தலைவரானார். மறு ஆண்டே அசோக் நகரில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளுக்குத் தலைவரானார். கேலிக்கு அன்று பிடித்தது சனி. யாராவது வாயெடுத்தால், “அவன் நம்ம வனவாணில பன்னெண்டாவது படிச்ச பையன்டா” என்று ஒரு குரல் குறுக்கே வரும். திட்டு பாதியிலேயே திருஷ்டி கழிப்பாக மாறிவிடும்.

இத்தனைக்கும் கேலிக்குச் சரக்கு இப்போதுதான் ஏராளம். 2023 பிப்ரவரியில் பிங்கில் செயற்கை அறிவைச் சேர்த்த நாதெள்ளா, கூகுளை ஆடவைத்தது நாங்கள்தான் என்று உலகத்துக்குத் தெரியட்டும் என்கிற தோரணையில் பேசினார். ஆட்டம் என்றதும் எந்த சபா, சாயங்கால ஸ்லாட்டா என்று விசாரிக்கிற ஊர் இது. அக்டோபரில் அதே நாதெள்ளா வாஷிங்டன் நீதிமன்றத்தில், கூகுள் மேல் அமெரிக்க அரசு போட்ட வழக்கில் சாட்சி சொன்னார். போனிலும் பிரவுசரிலும் கூகுள் முன்கூட்டியே உட்கார்ந்துவிடுகிறது, பிறகு எப்படிப் போட்டி போடுவது என்பது அவருடைய அங்கலாய்ப்பு. 1998-இல் இதே அரசு மைக்ரோசாஃப்ட் மேல் போட்ட வழக்கு எதற்காம்? விண்டோஸோடு சொந்த பிரவுசரைக் கட்டிக்கொடுத்து நெட்ஸ்கேப்பை நசுக்கியதற்கு!

ஹைதராபாத் புகார் சொன்னது. மாதக் கடைசியில் சென்னை கூண்டேறிப் பதில் சொன்னது. கேட்டுக்கொண்டிருந்த நீதிபதி அமித் மேத்தா குஜராத்தில் பிறந்தவர். அப்படி முன்கூட்டி உட்கார கூகுள் 2021-இல் மட்டும் ஆப்பிள் முதலானவர்களுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர் என்று அங்கே அம்பலமானது. 2024 ஆகஸ்டில் தீர்ப்பு கூகுளுக்கு எதிராக வந்தது. மயிலாப்பூரில் ஒரு ஜோக்கும் பிறக்கவில்லை.

ஆப்பிள் கதை இன்னும் கிட்டத்தில். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் தயாராகிறது. பாண்டி பஜாரில் விலை கேட்டால் மட்டும் கலிபோர்னியாவிலிருந்து நடந்தே வந்த மாதிரி சொல்கிறார்கள்.

லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001-இல் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் வைதார். 2014-இல் நாதெள்ளா, எங்களுக்கு லினக்ஸ் மேல் காதல் என்றார். 2018-இல் திறமூலக்காரர்கள் குடியிருந்த கிட்ஹப்பையே 750 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அன்று லினக்ஸ் சின்னமான பென்குயின் பனியன் போட்டவர்கள் இன்று ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து, மைக்ரோசாஃப்ட் வாடகைக்கு விட்ட கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறார்கள். இதைவிடப் பெரிய ஜோக்கை அந்தச் சனிக்கிழமைக் கூட்டங்களில் யாரும் சொன்னதில்லை.

நமக்கென்று சொந்தமாகவும் ஒரு மென்பொருள் பேரரசு உண்டு. ஸ்ரீதர் வேம்புவின் அட்வென்ட்நெட் 1996-இல் பிறந்து பின்னாளில் ஜோஹோ ஆனது. அங்கிருந்து 2010-இல் வெளியே வந்த கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கியதுதான் இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2020-இல் பழைய வீடு புது வீட்டின் மேல் வழக்குப் போட்டது, கலிபோர்னியாவில். ஒரே ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ள இத்தனை தூரம் போனார்கள் என்றால் ஐகோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் அத்தனை கூட்டம் போலிருக்கிறது. மறு ஆண்டே சமரசமாகிவிட்டார்கள்.

2025 செப்டம்பரில் ஜோஹோவின் அரட்டை செயலிக்குத் திடீர் யோகம். ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது 3,50,000 ஆனதாக வேம்பு சொன்னார். வாட்ஸ்அப்புக்கு முடிவு கட்டியாயிற்று என்று பார்க்கில் நடைபயிற்சி மாமாக்கள் அறிவித்தார்கள். ‘எல்லாரும் உடனே அரட்டைக்கு வந்துடுங்கோ’ என்ற குடும்ப ஆணை வாட்ஸ்அப்பில்தான் வந்தது. இப்போது குட் மார்னிங் ரோஜாப்பூ ரெண்டிலும் பூக்கிறது. வந்து குவிகிற பூக்களை வைக்க இடம் போதாமல், ஓசி சி.டி. தலைமுறை கூகுளுக்கு மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறது, தேதி தவறாமல்.