கோடிக்கரையில் ஒரு நாள் தங்குங்கள்

ஜூலை பிறந்தால் பாரிஸின் லாச்சப்பலில் பயணப் பேச்சுத்தான். ஃபோபூர் சென் தெனி தெருவில் சென்னைக்கு டிக்கெட் விலை கேட்டு நிற்கிறார்கள், சேலைக் கடை வாசலில் "இப்ப வேண்டாம், தி.நகரில் எடுப்பம்" என்று மகளை இழுத்துப் போகிறார்கள் தாய்மார். பள்ளி திறக்கும் முன், இங்குள்ள மாணிக்க விநாயகர் கோயில் தேருக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குள் திருப்பதி, சிதம்பரம், திருநள்ளாறு, மதுரை, பிறகு நகைக்கடை. பாரிஸில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு என்றால் வரிசையும் வேன் கண்ணாடியும் என்றாகிவிட்டது. இது எனக்குப் பெரும் மனக்குறை.

திருநள்ளாறு வரை வருகிறவர்கள் நாகப்பட்டினம், வேதாரண்யம் தாண்டித் தெற்கே போனால் கோடிக்கரை. வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் முனை அது. எதிர்க்கரை யாழ்ப்பாணம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலி படகு வலித்த கரை. அங்கே உள்ள குழகர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். காடு சூழ்ந்த கடற்கரையில், மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழற, துணைக்கு யாருமின்றி இறைவன் இருக்கிறானே என்று அவர் கலங்குகிறார். மன்னார்க் கரையின் திருக்கேதீச்சரத்தைப் பாடியவரும் அதே சுந்தரர்தான். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட காட்டில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது என்பதுதான் கோடிக்கரையின் பெருமை.

1967இல் அது சரணாலயமானது. வெளிமானைக் காப்பதே முதல் நோக்கம். முறுக்கிய கொம்பும் கருத்த முதுகும் வெள்ளை வயிறுமாகக் கலைமான் புல்வெளியில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளை அதை மறக்காது. எந்த மாதமும் மான்களைப் பார்க்கலாம். பறவைகளுக்குப் பருவம் உண்டு. மழைக்காலத்தில் சதுப்பு நிலம் நிரம்பியதும் பூநாரைகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு வலசைப் பாதையை ஆராய்கிறார்கள். 2002இல் இது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கவலையும் உண்டு: சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் புகுந்து மான்களின் மேய்ச்சலைச் சுருக்குகிறது. ஆடி அமாவாசைக்குக் கடலாட வரும் பெருங்கூட்டம் அன்றே திரும்பிவிடுகிறது. காட்டை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

மதுரைக்குப் போகிறவர்களுக்கு அரிட்டாபட்டி. நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஒரே ஊரின் குன்றுகளில் சமணர் படுகை, தமிழி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். மேலே பாறைப் பிளவுகளில் வல்லூறுகள். குன்றில் விழும் மழைநீர் ஊரின் கண்மாய்களை நிரப்புகிறது. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இதை அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக இந்த வட்டாரத்தையும் ஏலத்தில் சேர்த்தது ஒன்றிய அரசு. ஊர்கள் திரண்டு மதுரைக்கு ஊர்வலம் போயின. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. கோயிலையும் குன்றையும் கண்மாயையும் சேர்த்தே காத்தார்கள் அந்த மக்கள். அவர்களைப் பார்க்கவாவது பிள்ளைகளை அங்கே கூட்டிப் போக வேண்டும்.

பாரிஸுக்கும் தமிழ்நாட்டு ஊர்களுக்கும் பழைய உறவு உண்டு. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் பல்லவக் குடைவரைகளை ஊர் ஊராகத் தேடிப் போனவர். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த ஓவியங்களை 1931இல் கண்டறிந்தவரும் அவரே. அவருடைய தொடர்பில்தான் காஞ்சி வட்டாரத்து யோகினிச் சிலைகள் 1920களில் கடல் கடந்து பிரிந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றில் ஒன்று பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லாச்சப்பலில் இரண்டாம் எண் மெட்ரோ ஏறி, எத்துவாலில் ஆறாம் எண்ணுக்கு மாறி, புவாசியேரில் இறங்கினால் போய்ப் பார்க்கலாம். சிலை அழகுதான். ஆனால் அதற்குரிய மரமும் குளமும் ஊராரும் அங்கே இல்லை. அவை இருக்கும்போதே பார்க்கத்தான் ஊருக்குப் போகச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் போகிறவர்கள் மான்களையும் குன்றுகளையும் பாருங்கள். பறவைகள் வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் விடுமுறைதான் தோது. புயல் எச்சரிக்கையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலையில் போங்கள். பிளாஸ்டிக் பையைக் காட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். இடம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, அவர் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.