தொட்டியில் வாடும் கள்ளிச் செடியைக் காப்பாற்றுவது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் உழவர்களின் கவனம் முழுவதும் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று வயலிலேயே இருக்கும். அந்த நாட்களில்தான் திண்ணையில் வைத்திருக்கும் கள்ளித் தொட்டிகள் அழுகத் தொடங்குகின்றன. ஒரு தொட்டிச் செடிதானே என்று விட்டுவிட வேண்டாம். இன்று பலரும் பயிரிடும் டிராகன் பழச் செடியும் கள்ளி இனமே. அதற்குக் கம்பம் நட்டு, சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பெரும் பணம் செலவிட வேண்டியிருக்கிறது. தொட்டிச் செடியில் அழுகலைக் கண்டறியப் பழகியவர், தோட்டத்திலும் காலத்தோடு கண்டுகொள்வார்.

எது உண்மையான கள்ளி?

நம் வேலி ஓரங்களில் உள்ள திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவற்றை ஒடித்தால் பால் வடியும். பெயரில் கள்ளி என்றாலும் இவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே நிறைய நீரால் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். சப்பாத்திக்கள்ளி, டிராகன் பழம், தொட்டியில் வளர்க்கும் உருண்டைக் கள்ளிகள் ஆகியவை வேறு குடும்பம். இவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. இங்கே சொல்லும் முறைகள் இவற்றுக்கானவை.

நோயை அறிவது எப்படி?

அடிப்பகுதியை விரலால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். கொழகொழவென்று இருந்து, பழுப்பு நீர் கசிந்தால் அது அழுகல். செடி சுருங்கியிருந்தும் கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வேர் செத்துவிட்டது என்று பொருள். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தால் தெரிந்துவிடும். நுனி மட்டும் வெளிறி மெலிந்து நீண்டால் வெளிச்சம் போதாது. வெயில் படும் பக்கத்தில் வெளிறிய திட்டு விழுந்து காய்ந்தால் அது வெயில் காயம். வயதான செடியின் அடியில் மரப்பட்டை போலக் கெட்டியாகப் பழுப்பேறுவது நோயன்று. அதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

மண்ணும் நீரும்

பெரும்பாலான தொட்டிக் கள்ளிகள் சாவது வறட்சியால் அல்ல, ஈரத்தால். நம் கரிசல் மண் நீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வயலுக்கு அது நன்மை, கள்ளித் தொட்டிக்கோ அதுவே எமன். எனவே செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, சிறு செங்கல் ஜல்லி ஒரு பங்கு கலந்து, நன்கு மக்கிய எரு ஒரு கைப்பிடி சேர்த்தால் போதும். மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடுவதானால் தூளைச் சலித்து நீக்கிவிட வேண்டும். அரியலூர்ப் பக்கம் எளிதில் கிடைக்கிறதே என்று சுண்ணாம்புக்கல் பொடியைச் சேர்க்கக்கூடாது. சுண்ணாம்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் படிவு கட்டும், வேர் சத்தை எடுக்க முடியாமல் செடி மஞ்சளிக்கும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது.

தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும். ஒரு குச்சியை அடிவரை குத்தி எடுத்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். அடைமழைக் காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்து, நீர் ஊற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.

அழுகிய செடியை மீட்கும் முறை

அடி அழுகினாலும் நுனி பச்சையாக இருந்தால் செடி பிழைக்கும். கூரிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகலுக்கு மேலே வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால், கத்தியை மீண்டும் துடைத்து இன்னும் மேலே வெட்ட வேண்டும். சதை முழுதும் சுத்தமாகத் தெரியும்வரை இதை விடக்கூடாது. பாதியில் நிறுத்தினால் அழுகல் மீண்டும் ஏறும்.

வெட்டிய முகத்தில் கந்தகத் தூள் தடவி, நிழலில் காற்றோட்டமாக 7 முதல் 10 நாட்கள் உலர்த்த வேண்டும். பருத்த துண்டானால் இரண்டு வாரம் ஆகும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபின், உலர்ந்த மணற்கலவையின் மேல் நிறுத்தி வைக்கலாம். உடனே நீர் ஊற்றக்கூடாது. சில வாரங்களில் வேர் விட்ட பிறகு சிறிது சிறிதாக நீர் கொடுத்து, படிப்படியாகவே வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

சிவப்பு, மஞ்சள் தலையுடன் விற்கும் கள்ளிக்கு இந்த முறை பயன்படாது. அந்தத் தலையில் பச்சையம் கிடையாது. அது கீழே உள்ள பச்சைத் தண்டை நம்பியே உயிர் வாழ்கிறது. பெரும்பாலும் அந்தத் தண்டு டிராகன் பழ இனத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். தண்டு அழுகினால், நல்ல தலையை வெட்டி வேறொரு பச்சைத் தண்டின் மேல் ஒட்டுக் கட்டினால்தான் பிழைக்கும்.

பஞ்சு போன்ற பூச்சி

செடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. தொட்டிச் செடியானால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து எடுக்கலாம். அதிகமானால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். சப்பாத்திக்கள்ளியில் உள்ள பஞ்சை நசுக்கினால் இரத்தம் போல் சிவப்புச் சாறு வரும். அது கொச்சினீல் பூச்சி. சாயத்துக்காக 1795-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு இதில் ஒரு வகை வந்தது. பின்னர் தென்னிந்தியாவில் மேய்ச்சல் நிலங்களை அடைத்துப் பரவிய சப்பாத்திக்கள்ளியை அழிக்க, 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து மற்றொரு வகை கொண்டுவரப்பட்டது. புதர் புதராக நின்ற கள்ளியை இந்தச் சிறு பூச்சி அழித்தது. சப்பாத்திக்கள்ளியைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் பஞ்சைக் கண்டதும் அலட்சியமாக இருக்கக்கூடாது என்பதற்கு இதுவே சான்று.

டிராகன் பழத் தோட்டத்தில்

தொட்டிக்குச் சொன்னதே தோட்டத்துக்கும் பொருந்தும். கரிசல் நிலமானால் மேட்டுப் பாத்தி அமைத்து, கம்பத்தின் அடியில் நீர் தேங்காமல் வடிகால் எடுக்க வேண்டும். பச்சையாக வெட்டிய தண்டை அப்படியே நடாமல், 5 முதல் 7 நாட்கள் நிழலில் உலர்த்தி நட வேண்டும். தண்டில் துருநிறப் புள்ளிகள் தோன்றி அழுகினால், அந்தப் பகுதியை வெட்டித் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிட வேண்டும். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் போகுமுன் கத்தியைத் துடைக்க மறக்கக்கூடாது. கத்தி வழியாகவே நோய் தோட்டம் முழுதும் பரவிவிடும். வெட்டிய இடங்களில் காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்தை ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து தெளிக்கலாம். சித்திரை, வைகாசியில் மேற்கு வெயில் தாக்கும் பக்கத்தில் அகத்தி வளர்த்தால் நிழலும் கிடைக்கும், ஆட்டுக்குத் தழையும் ஆகும்.

நோய் இன்னதென்று தெரியாதபோது கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வாங்கி அடிக்க வேண்டாம். நோய் கண்ட தண்டைக் காகிதத்தில் சுற்றி, பெரம்பலூர் மாவட்டத்தினர் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தினர் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் காட்டி ஆலோசனை பெறலாம். மழை தொடங்குமுன் ஒருமுறை ஒவ்வொரு செடியின் அடியையும் அழுத்திப் பார்த்துவிட்டால், கார்த்திகையில் கவலைப்பட வேண்டியிராது.