பொதியின் குறியும் மின்னஞ்சல் முகவரியும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். வானம் பார்த்த அப்பூமியின் பெருஞ்செல்வம் ஒரு காலத்தில் பருத்தியே ஆகும். கருங்கண்ணி என்னும் பருத்தி ஆலைகளில் கொட்டை நீக்கப்பெற்று, பொதிகளாக அழுத்தப்பெற்றுத் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கடல் கடந்து சென்றது. வாணிகம் பெருகவே வஞ்சகமும் உடன் பெருகிற்று. எடை கூடும்பொருட்டுச் சிலர் பஞ்சில் நீரைத் தெளித்தனர். சிலர் புளிச்சை என்னும் தாழ்ந்த வகைப் பருத்தியைக் கலந்தனர். தொலைநாட்டில் பொதியைப் பிரித்துப் பார்ப்பவன் யாரைக் குறை கூறுவான்? 1925-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, ஒவ்வோர் ஆலையும் தான் அழுத்தும் பொதியின்மேல் தனக்குரிய குறியையும் வரிசை எண்ணையும் பொறித்தல் வேண்டும் என்று விதித்தது. அதன்பின் பொதியே தன் பிறப்பிடத்தைச் சொல்லலாயிற்று.

அந்த முறையே இன்று மின்னஞ்சலுக்கும் பயன்படுகின்றது.

கேளாமலே வந்து குவியும் விளம்பர மடல்களைக் குப்பையஞ்சல் என்பர். 1978-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி வலையில், கேரி துர்க் என்பவர் தம் நிறுவனத்தின் கணிப்பொறிகளைக் காண வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். இவ்வகை மடல்களுள் அதனையே முதலாவதாகக் கூறுவர். அன்று அது வெறும் தொல்லை. இன்றோ, வங்கியின் பெயரால் வந்து பணத்தைப் பறிக்கும் மடல்களும் அக்கூட்டத்தில் உள்ளன.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதனை விற்கும் வணிகர் ஒருவருடைய மின்னஞ்சலின் பெயர் ‘கடலை’ எனக் கொள்க. ஜிமெயில் முதலிய சில சேவைகளில் அப்பெயரை அடுத்து, அட் குறிக்கு முன்னர், ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்க்கலாம். வங்கிக்குக் ‘கடலை+வங்கி’ என்றும், அட்டைப்பெட்டி விற்பவருக்குக் ‘கடலை+அட்டை’ என்றும் அவர் முகவரி தருகின்றார். எழுதுவது ஆங்கில எழுத்தில்தான். எல்லா மடல்களும் ஒரே பெட்டியில் வந்து விழும்; ஆயினும் ஒவ்வொன்றும் தான் வந்த வழியை நெற்றியில் தாங்கி வரும்.

ஒருநாள் அறியாத ஊரிலிருந்து பரிசுச்சீட்டு மடல் ஒன்று ‘கடலை+அட்டை’ முகவரிக்கு வருகின்றது. அம்முகவரியை அறிந்தவர் பெட்டி விற்பவர் ஒருவரே. கசிவு எங்கே என்பது விளங்கிவிட்டது. வணிகர் அவருக்கு வேறொரு சொல்லைத் தந்து, பழைய சொல்லுக்கு வருவனவெல்லாம் குப்பைக்கூடைக்குச் செல்லுமாறு ஒரு வடிகட்டியை அமைத்துவிடுவார். ஒரே முகவரியை எங்கும் கொடுத்திருந்தால், அதனை மாற்றும்போது வாடிக்கையாளர் அனைவருக்கும் அறிவித்தல் வேண்டும். மாற்றாவிடில் குப்பையினிடையே உண்மையான ஆர்டர்கள் புதைந்துபோம். தீபாவளிப் பருவத்தில் அது சிறிய இழப்பன்று.

இதனால் பெட்டி விற்பவரைக் கள்வர் எனக் கருதிவிடலாகாது. அவருடைய ஏட்டைப் பிறர் திருடியிருக்கவும் கூடும். பொதியின் குறியும் ஆலையைக் காட்டுமேயன்றி நீரை ஊற்றிய கையைக் காட்டாது.

கூட்டல் குறி தொடங்கி இடையிலுள்ள சொல்லை நீக்கிவிட்டு, மூல முகவரியைக் கண்டுகொள்ளும் தந்திரக்காரரும் உளர். அவர்களுக்கு ஆப்பிள், பயர்பாக்ஸ் ஆகியவை தரும் முகவரி மறைப்புச் சேவைகளே தக்க விடை. அவை புதிதாக ஒரு முகவரியைப் புனைந்து, அதற்கு வரும் மடல்களை உண்மை முகவரிக்கு அனுப்பிவைக்கும். வேண்டாதபோது அதனை மட்டும் மூடிவிடலாம்.

இம்முறையின் பெரும்பயன் ஒன்று உண்டு. “உங்கள் கணக்கு முடக்கப்படும், கடவுச்சொல்லை உடனே தருக” என்று வங்கியின் பெயரால் ஒரு மடல் ‘கடலை+அட்டை’ முகவரிக்கு வருமாயின், வங்கி அம்முகவரியை அறியாதாகையால் அது பொய்யென்பது திறக்குமுன்னரே தெளிவாம். ‘கடலை+வங்கி’ முகவரிக்கே வந்தாலும், வங்கிக் கிளைக்கு நேரில் சென்றோ தொலைபேசியிலோ கேட்டறிதல் வேண்டும். அம்முகவரியும் என்றேனும் கசியக்கூடியதே.