சுவருக்குள் தட்டுவது யார்?

நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் விடியற்காலை நான்கு மணி அளவில் ஓர் ஒலி எழும். படுக்கை அறைச் சுவருக்குள்ளிருந்து யாரோ 'டக், டக், டக்' என்று தட்டுவது போல இருக்கும். பத்து நிமிடங்களில் தானே நின்றுவிடும். அந்த நேரத்தில் வீட்டில் எவரும் குழாயைத் திறப்பதில்லை. என் தாயார் வீட்டையே மாற்றிவிடலாம் என்றார். வீட்டு உரிமையாளரோ சுவரை இடித்துப் பார்க்கக் கொத்தனாரை அழைத்துவிட்டார். "இரண்டு நாள் பொறுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். இயற்பியல் கற்பிப்பவனுக்கு இது மானப் பிரச்சினை அல்லவா!

ஓடும் நீருக்கு நிலைமம் உண்டு. பத்து மீட்டர் நீளமுள்ள அரை அங்குலக் குழாயில் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோகிராம் நீர் இருக்கும். குழாயைச் சட்டென்று மூடினால் முன்னால் உள்ள நீர் நின்றுவிடும்; பின்னால் வரும் நீரோ அதன்மேல் மோதும். இதனால் எழும் அழுத்த அலை குழாயின் வழியே விரைந்து பின்னோக்கிச் செல்கிறது. இரும்புக் குழாயில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 1200 மீட்டர். இதனைப் பொறியாளர்கள் 'நீர்ச் சம்மட்டி' என்பர். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் 1897-98ஆம் ஆண்டுகளில் சோதனைகள் செய்து, இதற்கு எளிய சூத்திரம் ஒன்றை அளித்தவர் ரஷ்ய அறிஞர் நிக்கலாய் ஷூக்கோவ்ஸ்கி. நீரின் அடர்த்தி, அலையின் வேகம், நின்றுபோன ஓட்டத்தின் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்த உயர்வு கிடைக்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்க. 1000 × 1200 × 1 = 12 இலட்சம் பாஸ்கல். அதாவது ஏறத்தாழ 12 வளிமண்டல அழுத்தம்! பத்து மீட்டர் உயரத்திலுள்ள மாடித் தொட்டி தருவதோ ஒரு வளிமண்டல அழுத்தமே. அதே நீரை, 12 மீட்டர் நீளக் குழாயில், ஒரு வினாடி எடுத்துக்கொண்டு சீராக நிறுத்தினால் உயர்வு 0.12 வளிமண்டலம்தான், நூற்றில் ஒரு பங்கு. குழாயை மெல்ல மூடு என்று பெரியவர்கள் சொல்வதில் இவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது.

மெல்லிய குழாய் இவ்வளவு உரக்க ஒலிப்பது எப்படி? வீணையின் தந்தி தனியே ஒலித்தால் காதில் விழுவதே அரிது. அதன் அதிர்வைக் குடம் வாங்கிப் பெருக்குகிறது. அதுபோலவே குழாயின் அதிர்வு, அதைப் பிடித்திருக்கும் கிளாம்புகளின் வழியே சுவருக்குப் பாய்கிறது. ஆகவே ஒலி கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறாக இருக்கலாம். சுவரை இடித்திருந்தால் பணம்தான் வீணாகியிருக்கும்.

ஒலியின் தன்மையே பல வேளைகளில் நோயைக் காட்டிவிடும். மூடியவுடன் ஒரே ஒரு 'டம்' என்றால் நீர்ச் சம்மட்டி. பாதி திறந்திருக்கும்போது மட்டும் 'டர்ர்' என்று அதிர்ந்தால், உள்ளே வாசர் தளர்ந்து ஆடுகிறது. சீழ்க்கை போல ஒலித்தால் எங்கோ வழி குறுகி, நீர் அங்கே மிக விரைந்து பாய்கிறது. விட்டுவிட்டுச் சீறினால் குழாயில் காற்று புகுந்துள்ளது. மொட்டை மாடியில் மாலை வேளையில் 'டிக், டிக்' என்றால், வெயிலில் நீண்ட குழாய் சுருங்கும்போது கிளாம்பில் உரசுகிறது. 3 மீட்டர் இரும்புக் குழாய் 40 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். பிளாஸ்டிக் குழாய் அதைவிடப் பல மடங்கு சுருங்கும்.

எங்கள் வீட்டு ஒலி இவற்றில் எதிலும் அடங்கவில்லை. மறுநாள் நான்கு மணிக்கு ஒரு மரக்கோலின் ஒரு முனையைக் குழாயின்மீதும் மறுமுனையைக் காதிலும் வைத்து இடம் இடமாகக் கேட்டேன். வாசலை நெருங்க நெருங்க ஒலி வலுத்தது. அங்கேதான் நகராட்சி நீர் வந்து விழும் தரைத்தொட்டி இருக்கிறது. அடுத்த இரவு தெருக் குழாயின் வால்வை மூடிவைத்தேன். ஒலி வரவில்லை, நீரும் வரவில்லை! காரணம் உறுதியாயிற்று.

நடந்தது இதுதான். தொட்டி நிரம்பும் தறுவாயில் மிதவை வால்வு ஏறக்குறைய மூடிய நிலையில் இருக்கும். விழும் நீர் எழுப்பும் சிற்றலைகளில் மிதவை மேலும் கீழும் ஆடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வால்வு மூடித் திறக்கும். ஒவ்வொரு மூடலும் ஒரு சிறு சம்மட்டி அடி. தொட்டி முழுவதும் நிரம்பி வால்வு இறுக மூடியதும் ஒலி ஓய்ந்துவிடும்.

மருத்துவமும் எளிதே. தேய்ந்திருந்த வாசரை மாற்றினோம். மிதவையின் கையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை நீருக்குள் தொங்கவிட்டோம். கிண்ணம் நீரைத் தள்ளிக்கொண்டு நகர வேண்டியிருப்பதால் ஆட்டம் தணிந்தது. கொத்தனார் திரும்பிப் போனார். தாயார் நிம்மதியாக உறங்கினார்.

ஓயாத அடிகள் குழாயின் இணைப்புகளைத் தளர்த்திச் சுவருக்குள் கசிவை உண்டாக்கலாம். ஆகவே இத்தகைய ஒலியை அலட்சியம் செய்ய வேண்டாம்; கண்டு அஞ்சவும் வேண்டாம். எப்போது கேட்கிறது, அப்போது நீர் எங்கே ஓடுகிறது, எங்கே உரக்கக் கேட்கிறது? இம்மூன்று கேள்விகளுடன் உங்கள் வீட்டுக் குழாய்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.