முன்னரே மின்னழுத்தம் உள்ள இடத்தில் மின்வழங்கியைத் தொடங்குதல்

நம் அங்கத்தினர்களின் தறிக்கூடங்களிலும் தோட்டங்களிலும் இன்று மின்னணுப் பெட்டிகள் நிலையான இடம் பெற்றுவிட்டன. எலெக்ட்ரானிக் ஜக்கார்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஓசூர்ப் பகுதி ரோஜாப் பசுமைக்குடில்களில் நீரும் உரமும் அளந்துவிடும் கருவி, பட்டுப்புழு வளர்ப்பு மனையில் வெப்பத்தையும் ஈரத்தையும் காக்கும் சாதனம் ஆகியவை அனைத்திற்கும் உயிர் தருவது உள்ளிருக்கும் பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியேயாகும். 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் 24 அல்லது 12 வோல்ட் நேர்மின்சாரமாகிறது. பின்னர் அதனை 5, 3.3, 1 வோல்ட் எனக் குறைத்துச் சில்லுகளுக்கு அளிப்பவை மாட்யூல்கள் என்னும் சிறு மின்வழங்கிகள்.

மின்வெட்டு நீங்கியதும் இத்தகைய பெட்டி இயங்க மறுப்பதுண்டு. புதிதாக மாற்றிய மாட்யூலே மீண்டும் பழுதாவதும் உண்டு. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் பலரும் கவனியாத ஒன்று, மாட்யூலின் வெளிவாயில் வெறுமையாக இராமல், அங்கு முன்னரே ஓரளவு மின்னழுத்தம் நிற்பதாகும்.

விவசாயிகளுக்கு இது புதிய விஷயமன்று. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் குழாயில் நீரைத் திரும்பவிடாத வால்வு இல்லையென்றால், மோட்டார் நின்றதும் குழாயிலுள்ள நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து பம்பைப் பின்புறமாகச் சுழற்றும். அந்தச் சமயத்தில் மோட்டாரைப் போட்டால் அதன் தண்டே முறியக்கூடும். மேலே நிற்கும் நீரை அறியாமல் தொடங்குவதால் வரும் கேடு இது. மின்சாரத்திலும் நடப்பது இதுவே.

பழைய மாட்யூல்களில் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடு அந்த வால்வின் வேலையைச் செய்தது. ஆனால் அது ஏறக்குறைய அரை வோல்ட்டை விழுங்கும். 1 வோல்ட்டில் இயங்கும் சில்லுக்கு மின்சாரம் அளிக்கையில் இது பெரும் நஷ்டம். ஆகவே டையோடுக்குப் பதிலாக ட்ரான்சிஸ்டர் சுவிட்சை வைத்தார்கள். நஷ்டம் வெகுவாகக் குறைந்தது. எனினும் திறந்திருக்கும் சுவிட்சின் வழியே மின்னோட்டம் இரு திசையிலும் செல்லும்; ஒருவழிக் காவல் போய்விட்டது.

மாட்யூல் தொடங்கும்போது தன் இலக்கைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல உயர்த்துகிறது. வெளிவாயிலில் முன்னரே 1 வோல்ட் இருந்தால், 'இங்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் உள்ளது' என்று கொண்டு, அதைக் குறைக்கக் கீழ்ச் சுவிட்சை நெடுநேரம் திறந்து வைக்கிறது. வெளியிலிருந்த மின்சாரம் சுருளின் வழியே பின்னோக்கிப் பாய்கிறது. அதனால் சுவிட்சு சூடேறிப் பழுதாகலாம். திரும்பிய ஆற்றல் உள்வாயிலின் மின்னழுத்தத்தை உயர்த்தி வேறு உறுப்புகளைக் கெடுக்கலாம். மின்னழுத்தம் இறங்கிப் பின் ஏறுவதால் சில்லும் தன் வேலையை ஒழுங்காகத் தொடங்காமல் நிற்கலாம்.

அந்த மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது? குறுகிய மின்வெட்டில் மின்தேக்கிகள் முழுதும் வடியாமல் இருக்கலாம். 3.3 வோல்ட் பாதையிலிருந்து சில்லின் உள்வழியாக 1 வோல்ட் பாதைக்குக் கசிவு ஏற்படலாம். ஒரே பாதைக்கு இரு மாட்யூல்கள் மின்சாரம் தரும்போது, ஒன்று முந்திக்கொண்டிருக்கலாம். பாட்டரி இணைந்த இடத்திலோ மின்னழுத்தம் எப்போதும் உண்டு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உற்பத்தியாகும் மின்சார ஸ்கூட்டர்களை நாமும் ஓட்டுகிறோம். நல்ல சார்ஜர் பாட்டரியின் மின்னழுத்தத்தை அளந்தறிந்த பின்னரே மின்னோட்டத்தை விடுகிறது.

மாட்யூலிலும் பரிகாரம் இதுவே. உயர்ந்துவரும் இலக்கு வெளியே நிற்கும் மின்னழுத்தத்தை எட்டும்வரை கீழ்ச் சுவிட்சு மூடியே இருக்க வேண்டும். எட்டிய பின்னும் அதை ஒரேயடியாகத் திறவாமல், சிறுகச் சிறுகத் திறக்க வேண்டும். இந்த ஏற்பாடு உள்ள மாட்யூல் இருப்பதைக் குலைக்காமல் அதனுடன் சேர்ந்து மேலே செல்லும். நிலையத்தில் புதிய ஜெனரேட்டரை ஓடும் மின்பாதையில் சேர்க்குமுன் மின்னழுத்தம், அதிர்வெண், கட்டம் மூன்றையும் ஒப்பிடுவதும் இதே தத்துவத்தின் பெரிய உருவமாகும்.

சங்கத்தின் மூலம் மாற்று மாட்யூல் வாங்குகையில் வோல்ட், ஆம்பியர், விலை ஆகியவற்றோடு நின்றுவிடலாகாது. மூன்று கேள்விகள் அவசியம். 'ப்ரீ-பயஸ் ஸ்டார்ட்-அப்' என்னும் இந்த ஏற்பாடு உண்டென்று விவரத்தாளில் கூறியிருக்கிறதா? எவ்வளவு மின்னழுத்தம் வரை அது தாங்கும்? இரு மாட்யூல்களை இணைத்து இயக்க அனுமதி உண்டா? மின்வழங்கிகள் செய்யும் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூர்ச் சந்தையும் இருக்கிறது. விவரமறிந்து வாங்க வசதிக்குக் குறைவில்லை.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. மின்சாரத்தை நிறுத்தியதும் உடனே போடாமல், பெட்டியின் விளக்குகள் யாவும் அணைந்த பின் சில நிமிஷம் கழித்துப் போடுங்கள். அப்போது ஒழுங்காக இயங்கி, உடனே போட்டால் மட்டும் மறுக்குமாயின், தேங்கிய மின்னழுத்தத்தின்மீது சந்தேகம் கொள்ளலாம். இதைப் பழுது பார்ப்பவரிடம் சொன்னால் நல்ல பலகையை வீணே மாற்றும் செலவு மிஞ்சும். பெட்டியை மட்டும் தாங்களே திறக்கலாகாது. உள்ளிருக்கும் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கக்கூடும்.