ஊர் கடந்த தொண்டு

நுழையும்முன்

பிழைப்புக்காக ஊர் கடந்தோர் பலர். கல்விக்காகக் கடல் கடந்தோர் பலர். முன்பின் அறியாத நகரத்து ஏழை மக்களுக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே தனியாக அயல்நாடு செல்வோரும் உளர். அவ்வாறு செல்பவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? கோலார் தங்கவயலில் பிறந்து மும்பையில் வாழ்ந்த தமிழர் ஒருவரின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடை தருகிறது.

இருவகைக் குடியேற்றம்

ஹிஞ்சேவாடியின் இராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியத் தமிழ்நாட்டிலிருந்து பலர் வந்து குடியேறியுள்ளனர். உங்களுள் பலருடைய பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே. அவர்கள் பணிபுரியும் உயர்ந்த கட்டடங்களை எழுப்பிய தொழிலாளர்களும் வெளியூர்களிலிருந்து வந்தவர்களே. முன்னவர்க்கு வாடகை ஒப்பந்தமும் முகவரிச் சான்றும் கிடைத்தன. பின்னவர்க்குத் தகரக் கொட்டகையே கிடைத்தது. கட்டடம் முடிந்ததும் அக்கொட்டகையும் பிரிக்கப்படும். இருவரும் புலம்பெயர்ந்தோரே. நகரம் யாரைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

மும்பை, மணிலா, நைரோபி, கேப் டவுன் எனப் பல பெருநகரங்களில் இந்நிலையைக் காணலாம். பதிவேட்டில் இல்லாத குடியிருப்புக்குக் குடிநீர்க் குழாய் எளிதில் வருவதில்லை, கழிப்பறை வருவதில்லை, இடித்துத் தள்ளும் எந்திரம் மட்டும் வந்துவிடுகிறது.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

இத்தகைய குடியிருப்புகளில் தொண்டு செய்வதற்காக இளைஞர்கள் பலர் வெளிநாடுகளுக்குத் தனியாகப் பயணம் செய்கின்றனர். அவர்களுடைய நோக்கம் உயர்ந்தது. ஆயினும், நோக்கம் உயர்ந்ததாக இருப்பதாலேயே பயன் விளைந்துவிடுவதில்லை. இரண்டு வாரங்கள் பாடம் கற்பித்துவிட்டு ஒருவர் திரும்பிச் செல்கிறார். அவரிடம் அன்பு கொண்ட குழந்தைகள், அடுத்து வருபவரிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சுவருக்கு வண்ணம் பூசுவதற்காக மற்றொருவர் வருகிறார். அவ்வூரிலேயே கூலிக்குக் காத்திருந்த வண்ணம் பூசுபவர் வேலை இழக்கிறார். அவ்வூர் மொழி அறியாமலும், மக்களின் தேவையைக் கேட்டறியாமலும் செய்யும் உதவி இவ்வாறு முடிவதுண்டு. அப்படியாயின், வெளியிலிருந்து வருபவர் செய்யத்தக்க பணியே இல்லையா? உண்டு.

குப்பைப் பொட்டலங்கள்

ஜாக்கின் அற்புதம், கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960-களில் மும்பைக்கு வந்து தச்சு வேலை செய்தார். மான்கூர்டு பகுதியிலிருந்த ஜனதா காலனி என்னும் குடிசைப் பகுதியில் தங்கினார். அங்கு அவர் தொண்டராக வரவில்லை. அம்மக்களுள் ஒருவராகவே வாழ்ந்தார். அதனால் அவர்களுடைய துன்பத்தைப் பிறர் சொல்லிக் கேட்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

ஜனதா காலனியில் குப்பை மலைபோல் குவிந்து கிடந்தது. அதனை அள்ளுவதற்கு மாநகராட்சியினர் வரவில்லை. அற்புதம் அங்குள்ள சிறுவர்களைத் திரட்டினார். ஒவ்வொருவரும் சிறிதளவு குப்பையைச் செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் போட்டனர். அலுவலர்களால் அதற்குமேல் பாராமுகமாக இருக்க இயலவில்லை. ஒருவர் தனியே நின்று முறையிட்டால் கேட்காத காதுகளும், பலர் ஒன்றுகூடினால் கேட்கும் என்பதை அச்சிறுவர்கள் உணர்ந்தனர்.

ஆயினும் அக்குடியிருப்பைக் காப்பாற்ற இயலவில்லை. அருகிலிருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்நிலம் தேவைப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின், நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்த 1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் சீட்டா கேம்ப் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டனர். போராட்டம் மட்டும் போதாது. மக்களிடம் தங்களைப் பற்றிய விவரங்களும் சேமிப்பும் மாற்றுத் திட்டமும் இருக்க வேண்டும் என்பதே பின்னாளில் அவருடைய பணியின் அடிப்படையாயிற்று.

எண்ணுதலும் சேமித்தலும்

அற்புதம் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை உருவாக்கினார். 1980-களில் அவ்வமைப்பு, ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனத்துடனும், மும்பையின் நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் உருவாக்கிய மகிளா மிலன் அமைப்புடனும் இணைந்தது. இம்மூன்றும் இரண்டு எளிய பணிகளைப் பரப்பின.

முதலாவது, கணக்கெடுப்பு. எத்தனை வீடுகள் உள்ளன, எத்தனை பேர் வாழ்கின்றனர், எத்தனை ஆண்டுகளாக வாழ்கின்றனர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பனவற்றை அக்குடியிருப்பின் மக்களே கணக்கெடுத்தனர். ‘இங்கு யாரும் இல்லை’ என்று கூறும் அலுவலரிடம் அவ்விவரங்களை எடுத்துக் காட்டிப் பேச முடிந்தது.

இரண்டாவது, அன்றாடச் சேமிப்பு. பெண்ணொருவர் நாள்தோறும் வீடுவீடாகச் சென்று சிறு தொகையைப் பெற்றுக் குறித்துக்கொள்வார். பணம் சேர்வது இதன் ஒரு பயன். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் வேலையில்லை என்பது அப்பெண் வழியாக அனைவர்க்கும் தெரியவருவது மற்றொரு பயன்.

கடல் கடந்த நட்பு

1991-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் புரூடர்ஸ்ட்ரூம் என்னும் இடத்தில் குடிசைவாழ் மக்களின் பிரதிநிதிகள் கூடினர். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. மக்களாட்சி மலர்ந்தால் வீடும் நிலமும் கிடைக்கும் என்னும் நம்பிக்கை எங்கும் பரவியிருந்தது. அக்கூட்டத்தில் கலந்துகொண்ட அற்புதம், அந்நம்பிக்கையை ஊதிப் பெருக்கவில்லை. விடுதலை பெற்றுப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் இந்திய நகரங்களில் ஏழைகள் வீடின்றி வாழ்வதை எடுத்துரைத்தார். அரசை மட்டும் நம்பிக் காத்திராமல் இப்போதே ஒன்றுசேருமாறு அறிவுறுத்தினார்.

அவர் கொடையாளராகச் செல்லவில்லை. அதே துன்பத்தைத் தாமும் அறிந்தவராகச் சென்றார். அதன்பின் தென்னாப்பிரிக்க மக்கள் மும்பைக்கு வந்து, நடைபாதைப் பெண்களிடம் சேமிப்பு முறையைக் கற்றனர். மும்பைப் பெண்களும் அங்குச் சென்றனர். இருசாராரும் ஆசிரியராகவும் மாணவராகவும் விளங்கினர். இத்தகைய நட்பிலிருந்து 1996-இல் பன்னாட்டுக் குடிசைவாழ்வோர் அமைப்பு தோன்றியது. அற்புதத்துக்கு 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருதும், 2011-இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. அவர் 2018-இல் மறைந்தார்.

புனேயில் விளைந்த பயன்

அவருடைய பணியின் பயனை நாம் வாழும் புனேயிலும் காணலாம். 1999-ஆம் ஆண்டு தொடங்கி ஓரிரு ஆண்டுகளில், புனே மாநகராட்சி குடிசைப் பகுதிகளில் 400-க்கும் மேற்பட்ட பொதுக் கழிப்பறைக் கட்டடங்களை அமைக்கச் செய்தது. அவற்றுள் பலவற்றை மேற்கண்ட மூன்று அமைப்புகளும் மக்களுடன் சேர்ந்து கட்டின. அதற்கு முன்னர்க் கட்டப்பட்டவை பராமரிக்க ஆளின்றிப் பாழடைவது வழக்கம். எனவே, புதிய கட்டடங்களில் பராமரிப்பவர் குடும்பத்துடன் தங்குவதற்கு அறை அமைக்கப்பட்டது.

குழந்தைகளுக்கெனத் தனிக் கழிப்பறைகளும் அமைக்கப்பட்டன. பெரியவர்களின் வரிசையில் குழந்தைகள் பின்னுக்குத் தள்ளப்படுவதையும், வேறு வழியின்றித் திறந்தவெளியில் அமர்வதையும் தாய்மார்கள் நாள்தோறும் கண்டிருந்தனர். வெளியிலிருந்து வந்த வரைபட வல்லுநரின் கண்ணில் எளிதில் படாத தேவை இது. அங்கு வாழ்ந்த தாய்மார்களைக் கேட்டதனால்தான் அது கட்டடமாயிற்று.

எனவே, மாணவர்களே! நாளை நீங்கள் தொண்டு செய்ய எந்த நாட்டிற்குச் சென்றாலும், அவ்வூர் மொழியில் சில சொற்களையேனும் கற்றுச் செல்லுங்கள். ‘நான் என்ன தரலாம்?’ என்று எண்ணும் முன், ‘இவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். நீங்கள் திரும்பிய பின்னும் தொடரக்கூடிய பணியிலேயே கைகொடுங்கள். இப்பயிற்சியைத் தொடங்குவதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. பள்ளிப் பேருந்து செல்லும் வழியில் உள்ள தகரக் கொட்டகையில் வாழும் சிறுவனின் பெயரை அறிந்துகொள்வதிலிருந்தே தொடங்கலாம்.

சொல்லும் பொருளும்

உளர் – இருக்கின்றனர்
பாராமுகம் – கண்டும் காணாதிருத்தல்
இருசாரார் – இரு பிரிவினர்
கொடையாளர் – பொருள் வழங்குபவர்

சிந்தித்து எழுதுக

1. குடியிருப்பின் மக்களே கணக்கெடுப்பு நடத்தியதால் விளைந்த பயன் யாது?
2. தென்னாப்பிரிக்க மக்களுக்கும் மும்பைப் பெண்களுக்கும் இடையே ஏற்பட்ட நட்பு, உதவி வழங்குவதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. உம் குடும்பம் புனேவுக்கு வந்த புதிதில் உதவியவர் யார்? அவ்வுதவி ஏன் பயன்பட்டது என்பதைப் பெற்றோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.