புயலைத் துரத்தும் கம்ப்யூட்டர்: ரேடார் படத்தை எவ்வளவு நம்பலாம்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை அமெரிக்காவின் ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சாஸ் மாநிலங்களில் சிலர் வானத்தையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அலுவலகம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு அருகே உருவாகும் இடிமேகங்களைத் தேடிப் போவார்கள். இதற்கு ஸ்டார்ம் சேஸிங், அதாவது புயல் துரத்தல் என்று பெயர். 1996-ல் வந்த 'ட்விஸ்டர்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தப் பொழுதுபோக்கின் முன்னோடியான டேவிட் ஹோட்லி 1956-லேயே வடக்கு டகோட்டாவில் இதைத் தொடங்கிவிட்டார்.

இன்று இவர்களுடைய முக்கியக் கருவி ரேடார் சாப்ட்வேர். விண்டோஸில் ஜிஆர்லெவல் 3, போனில் ரேடார்ஸ்கோப் ஆகியவை இவர்களிடையே பிரபலம். இவை காட்டும் படம் எப்படி உருவாகிறது, அதில் எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது என்று பார்க்கலாம்.

ஏன் வசந்த காலம்?

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக் காற்று தாழ்வாக வடக்கே வருகிறது. அதற்கு மேலே மேற்கு மலைப்பகுதியிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுவதால், மேலே எழும் இடிமேகம் சுழல ஆரம்பிக்கிறது. இப்படிச் சுழலும் இடிமேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர். பலத்த டோர்னடோக்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன.

நிறங்கள் சொல்வது என்ன?

அமெரிக்கா முழுவதும் சுமார் 160 நெக்ஸ்ராட் டாப்ளர் ரேடார்கள் உள்ளன. இவை அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. அதிலிருந்து மூன்று முக்கியப் படங்கள் கிடைக்கின்றன.

1. ரிப்ளெக்டிவிட்டி: திரும்பி வரும் அலையின் வலு. பச்சை என்றால் லேசான மழை, சிவப்பு என்றால் கனமழை, அதற்கும் மேல் என்றால் ஆலங்கட்டி இருக்கலாம். சூப்பர்செல்லின் தென்மேற்கு மூலையில் கொக்கி போல ஒரு வளைவு தெரிந்தால் உஷாராக வேண்டும். இந்தக் கொக்கி முதன்முதலில் 1953 ஏப்ரல் 9 அன்று இல்லினாய்ஸில் ரேடாரில் பதிவானது.

2. வெலாசிட்டி: ரேடாரை நோக்கி வரும் காற்று பச்சை, விலகிப் போகும் காற்று சிவப்பு. இரண்டும் ஒட்டி ஒட்டி இருந்தால் அங்கே சுழற்சி இருக்கிறது.

3. கோரிலேஷன் கோஎபிஷியன்ட்: அலையில் படும் பொருள்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று சொல்லும். சுழற்சி உள்ள இடத்தில் இது சட்டென்று குறைந்தால், அங்கே பறப்பது மழையல்ல. கூரைத் தகடும் மரத்துண்டும்.

திரை வேறு, வானம் வேறு

இங்கேதான் கவனம் தேவை. ரேடார் ஒரே நொடியில் போட்டோ எடுப்பதில்லை. ஒவ்வொரு கோணமாகச் சுற்றி ஒரு முழுச் சுற்றை முடிக்கச் சுமார் 4 முதல் 6 நிமிடம் ஆகிறது. மிகத் தாழ்வான கோணத்தை மட்டும் இடையில் மீண்டும் அளக்கும் செய்ல்ஸ் முறை 2014-ல் வந்தது. அப்போதும் டேட்டா சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் போனுக்கு வர நேரமாகிறது. சிக்னல் இல்லாத கிராமச் சாலையில் பழைய படமே திரையில் நின்றுவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் புயல் 5 நிமிடத்தில் 5 கி.மீ. நகர்ந்துவிடும். பல ரேடார்களின் படங்களை ஒட்டிச் செய்யும் மொசைக் படத்தில் தாமதம் இன்னும் அதிகம். திரையில் காட்டும் நேரத்தை விட உண்மையான டேட்டா 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் விமானிகளை எச்சரித்தது.

உயரமும் ஒரு சிக்கல். ரேடார் கற்றை நேராகப் போகிறது. பூமியோ வளைந்து விலகுகிறது. 0.5 டிகிரி கோணத்தில் அனுப்பும் கற்றை 100 கி.மீ. தூரத்தில் சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது ரேடாருக்குத் தெரியாது.

எல் ரீனோ, 2013

2013 மே 31 மாலை ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே ஒரு டோர்னடோ உருவானது. சில நிமிடங்களில் அதன் அகலம் 4.2 கி.மீ. ஆனது. பதிவானவற்றில் மிக அகலமான டோர்னடோ இதுதான். தென்கிழக்காகப் போய்க்கொண்டிருந்தது வடகிழக்காகத் திரும்பி வேகமும் எடுத்தது. மழை சூழ்ந்திருந்ததால் அதன் விளிம்பு எது என்றே பலருக்குத் தெரியவில்லை. டிம் சமராஸ், அவர் மகன் பால், சக ஆய்வாளர் கார்ல் யங் ஆகிய மூவரும் உயிரிழந்தனர். 2003-ல் தெற்கு டகோட்டாவில் டோர்னடோவின் பாதையிலேயே கருவி வைத்து, 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியை அளந்தவர் டிம். வீட்டுக்குப் பக்கத்திலேயே புயலைப் பார்க்கப் போன உள்ளூர் அமெச்சூர் ஒருவரும் அன்று இறந்தார். அனுபவசாலிக்கும் புதியவருக்கும் அந்தச் சில நிமிடங்கள் ஒன்றாகவே இருந்தன.

எனவே அனுபவசாலிகள் சொல்லும் விதிகள் இவை. படத்தைப் பார்க்கும் முன் அதன் நேரத்தைப் பாருங்கள். ரேடாரைத் தூரத்திலிருந்து திட்டமிட மட்டும் பயன்படுத்துங்கள். அருகில் போனபின் கண்ணை நம்புங்கள். மழைக்குள் ஊடுருவிப் போகாதீர்கள். தப்பிக்கத் தெற்கே ஒரு சாலை எப்போதும் இருக்கட்டும். தேசிய வானிலைச் சேவை நடத்தும் ஸ்கைவார்ன் வகுப்பு இலவசம்; முதலில் அதில் சேருங்கள்.

உங்கள் உறவினர் யாராவது டாலஸ் பக்கம் இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள். 'வாட்ச்' என்றால் டோர்னடோ வரச் சூழல் இருக்கிறது என்று பொருள். 'வார்னிங்' என்றால் அது ரேடாரிலோ கண்ணிலோ பட்டுவிட்டது. உடனே கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள்அறைக்குப் போக வேண்டும். அப்போது ரேடார் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

நீங்களே பார்க்கலாம்

புயலைத் துரத்தாமலே இதைப் புரிந்துகொள்ளலாம். நோவா வழங்கும் வெதர் அண்ட் கிளைமேட் டூல்கிட் என்ற சாப்ட்வேர் இலவசம். பழைய நெக்ஸ்ராட் பைல்களும் இலவசமாக டவுன்லோடு செய்யக் கிடைக்கின்றன. கேடிஎல்எக்ஸ் என்ற ரேடாரைத் தேர்வு செய்து, 2013 மே 31, யுடிசி நேரம் 23:00 முதல் 23:45 வரையுள்ள பைல்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். ஒரு பைலுக்கும் அடுத்த பைலுக்கும் இடையே அந்தச் சுழற்சி எத்தனை கி.மீ. நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். அந்த இடைவெளியில்தான் காரில் இருந்தவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.